இசக்கியின் கை, நெப்போலியனின் இடமாறுதல்: கமர்ஷியல் படத்தைத் தாங்கும் துணைப் பாத்திரங்கள்

1995இல் வந்த ‘பாட்ஷா’வில் ஒரு கண்ணாடி அறைக் காட்சி உண்டு. ஆட்டோ ஓட்டும் மாணிக்கம் தங்கையின் மருத்துவப் படிப்புக்காகக் கல்லூரி நிர்வாகியைப் பார்க்கப் போகிறான். அங்கே பேச்சு சரியாக இல்லை. தங்கையை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஏதோ பேசுகிறான். நம் காதில் எதுவும் விழுவதில்லை. நிர்வாகியின் முகம் மாறுவது மட்டும் தெரிகிறது. சீட் கிடைத்துவிடுகிறது. என்ன சொன்னாய் என்று தங்கை கேட்கிறாள். உண்மையைச் சொன்னேன் என்கிறான்.

இந்த இடத்தில் ரஜினிகாந்தை விட எதிரே இருக்கும் நடிகருக்குத்தான் வேலை அதிகம். அவர் அந்த மிரட்சியை ஒரு பிடி கூட்டியிருந்தால் காமெடி ஆகியிருக்கும். ஒரு பிடி குறைத்திருந்தால் மாணிக்கத்தின் பழைய பெயருக்கு எடையே ஏறியிருக்காது. அதே படத்தில் தம்பியின் போலீஸ் வேலை விஷயமாக மாணிக்கத்தைச் சந்திக்கும் டிஐஜியாக கிட்டி வருவார். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்ற அவருடைய பார்வையும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாயகன் தன்னைப் பற்றி வாயே திறக்காத முதல் பாதி முழுக்க, அவன் யார் என்பதை நாம் அடுத்தவர் முகங்களில்தான் படிக்கிறோம்.

நட்சத்திரப் படம் எழுதும்போது அடிக்கடி கைநழுவிப் போவது இந்த வித்தைதான். நாயகனைப் பெரிய ஆளாகக் காட்ட, ‘அவரு யாருன்னு தெரியுமா?’ என்று தொடங்கும் ஒரு வசனத்தை யார் வாயிலாவது போட்டுவிடுகிறார்கள். பேசுகிறவருக்கு அந்தக் கதையில் இழக்க ஒன்றுமே இல்லையென்றால் அந்த வசனம் கட்அவுட்டுக்கு ஊற்றிய பால்தான். கல்லூரி நிர்வாகிக்கு நாற்காலி இருக்கிறது, பணம் இருக்கிறது, ஊரில் செல்வாக்கு இருக்கிறது. இத்தனையும் உள்ளவன் மிரள்கிறான் என்பதால்தான் அந்தக் காட்சி இன்றைக்கும் கைதட்டு வாங்குகிறது.

மிரள்வது, வியப்பது, அழுவது எல்லாம் துணைப் பாத்திரத்துக்கு முதல் படி. நாயகன் எடுக்கும் முடிவுக்கு விலை கொடுப்பது அடுத்த படி. அதற்கு ‘தேவர் மகன்’ (1992) இசக்கியை விட நல்ல பாடம் தமிழில் கிடைப்பது கஷ்டம்.

இசக்கி பெரிய தேவர் வீட்டு வேலைக்காரன். லண்டனிலிருந்து வந்திருக்கும் தேவரின் மகன் சக்திவேல், பூட்டிக் கிடக்கும் கோயிலைக் காதலி பானுவுக்குக் காட்ட ஆசைப்படுகிறான். திறக்கச் சொல்கிறான். திறந்தால் வம்பு என்று இசக்கிக்குத் தெரியும். ஆனாலும் சின்ன ஐயா சொல்லிவிட்டார், திறந்துவிடுகிறான். பெரிய தேவர் குடும்பத்தின் மேல் கைவைக்க முடியாத எதிர்த்தரப்பு, பூட்டைத் திறந்தவனின் கையை எடுத்துவிடுகிறது.

இதன் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆசைப்பட்டவன் ஒருவன், இழந்தவன் இன்னொருவன். நகரத்தில் உணவகங்கள் தொடங்கும் திட்டத்தோடு வந்த சக்திவேல் இனி ரயிலேறிப் போனால், ஒரு வேலைக்காரனின் கையை விட்டுவிட்டுப் போனவன் ஆகிறான். ஊர்ப் பாசம், அப்பாவின் கட்டளை, சாதிப் பெருமை இதையெல்லாம் பக்கம் பக்கமாக வசனமாக எழுதியிருந்தாலும் அவனை இவ்வளவு இறுக்கமாகக் கட்டிப் போட்டிருக்க முடியாது. அடுத்தது, அந்தக் காயம் மறைவதில்லை. படம் முடியும் வரை இசக்கி ஒற்றைக் கையோடு அந்த வீட்டில் நடமாடுகிறான். அவன் பிரேமுக்குள் வரும்போதெல்லாம் யாரும் எதுவும் சொல்லாமலே பழைய பூட்டு ஞாபகத்துக்கு வருகிறது. மூன்றாவதாக, அடிபட்டுக் கிடக்கும் இசக்கி தன் நிலைமையைப் பற்றிப் பேசும் விதம். இனிமேல் சாப்பிடுவதும் கழுவுவதும் ஒரே கையால்தான் என்று அவன் சொல்வதில் தத்துவம் ஒன்றும் கிடையாது; மறுநாள் காலையிலிருந்து அவன் பட வேண்டிய பாடு அது. இசக்கியாக நடித்த வடிவேலுவை அப்போது ஜனங்களுக்குச் சிரிப்பு நடிகராகத்தான் தெரியும். சிரிக்க வாயெடுத்த அரங்கம் பாதியில் நின்றுவிடும்.

இதோடு, இடைவேளைக்கு 10 நிமிடம் முன்னால் சாகும் நண்பனை ஒப்பிட்டுப் பாருங்கள். அவனுக்கு அம்மா உண்டு, கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கும், அன்றைக்குப் பார்த்து நாயகனோடு ஒரு பாட்டில் ஆடியிருப்பான். பழக்கப்பட்ட ரசிகன் பாட்டு முடியும்போதே அவனுக்கு நாள் குறித்துவிடுவான். தப்பு எங்கே என்றால், நாயகனைக் கோபப்படுத்துவதைத் தவிர அந்தச் சாவுக்குக் கதையில் வேறு வேலையே இல்லை. இரண்டாம் பாதியில் அவன் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவனைச் சாகவிடாமல் இழப்போடு வாழவிடுவது. மற்றொன்று, சாவதற்கு முன்னால் ஒரே ஒரு முறையாவது நாயகனை எதிர்த்து ‘முடியாது’ என்று சொல்லவைப்பது. தலையாட்டியே செத்தவனை விட, சண்டை போட்டுவிட்டுச் செத்தவனின் இடம் பெரிய பள்ளமாகத் தெரியும்.

பாத்திரத்தை முதல் ரீலிலேயே கொண்டுவந்தால்தான் மனதில் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதற்கும் ‘தேவர் மகன்’ பதில் வைத்திருக்கிறது. பஞ்சவர்ணம் கதைக்குள் வருவது படம் வெகுதூரம் நகர்ந்த பிறகு. மாப்பிள்ளையாக வர வேண்டியவன் எதிர்த்தரப்பு மாயனுக்குப் பயந்து ஓடிவிட, சக்திவேல் தாலி கட்டுகிறான். அவளைப் பாடச் சொல்லும்போது ‘வெறும் காத்துதாங்க வருது’ என்பாள். அந்த மூன்று வார்த்தையில் அவளுடைய கூச்சம், வெகுளித்தனம், புது வீட்டில் தனக்கு எவ்வளவு இடம் என்று தெரியாத நிலை எல்லாம் வந்துவிடுகிறது. சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது ரேவதிக்குக் கிடைத்தது இந்தப் பாத்திரத்துக்குத்தான்.

அடுத்து நெப்போலியன். ‘கைதி’ (2019) ஒரே இரவில் நடக்கும் கதை. மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு நாயகன் டில்லி லாரி ஓட்டுகிறான். அது ஒரு தடம். திருச்சி கமிஷனர் அலுவலகத்தை ஒரு கும்பல் முற்றுகையிடுகிறது. அது இன்னொரு தடம். இரண்டாவது தடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர் இடமாறுதல் உத்தரவோடு அன்றைக்குத்தான் அங்கே வந்து சேர்ந்திருக்கும் கான்ஸ்டபிள் நெப்போலியன். நடித்தவர் ஜார்ஜ் மரியான். கும்பல் வருகிறது என்றதும் அலுவலகமே காலியாகிவிட, பிடித்து வைத்திருந்த சில கல்லூரி மாணவர்கள்தான் அவருக்குத் துணை.

அவருக்கு அந்த அலுவலகம் புதுசு. எந்தக் கதவு எங்கே திறக்கும் என்றுகூட அவரும் நம்மோடு சேர்ந்துதான் கற்றுக்கொள்கிறார். இதனால் இடத்தின் அமைப்பைத் தனியாக விளக்கும் வேலை படத்துக்கு மிச்சம். அவர் அங்கே நிற்பதற்கு டில்லி காரணம் இல்லை. உச்சக்கட்டம் வரை இருவரும் ஒரே இடத்தில் சந்திப்பதுகூட இல்லை. நெப்போலியன் பக்கத்திலிருந்து மட்டும் கதையை எழுதினாலும் முழுப் படம் ஒன்று கிடைக்கும்: பணியில் சேர வந்தவன், அதிகாரி இல்லை, ஆயுதம் போதாது, விடியும் வரை கதவு உடையக் கூடாது. ஒரு துணைப் பாத்திரம் தேறுமா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை கிடையாது. அந்தப் பாத்திரத்தின் கண்ணால் கதையை ஒரே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ‘அப்புறம் அவர் வந்தார், நான் கூடப் போனேன்’ என்பதைத் தாண்டி எழுத ஒன்றும் வரவில்லையென்றால் அங்கே பாத்திரமே உருவாகவில்லை என்று அர்த்தம்.

தயாரிப்பாளர் காதில் போட வேண்டிய சேதி ஒன்றும் இதில் இருக்கிறது. நாயகனோடு காம்பினேஷன், அதாவது ஒரே காட்சியில் சேர்ந்து வருவது, இல்லாத தடம் என்றால் அதை நாயகனின் கால்ஷீட்டுக்குக் காத்திராமல் எடுக்கலாம். ஒரே கட்டடம், ஒரே இரவு, ஒரே உடை. செலவு கம்மி, பதற்றம் இரட்டிப்பு.

இனி நிமிடக் கணக்கு. 150 நிமிடப் படம் என்று வைத்துக்கொள்வோம். 4 பாட்டு, தலா 4 நிமிடம் என்றால் 16 போயிற்று. 4 சண்டை, தலா 5 நிமிடம் என்றால் 20. மிச்சம் 114. காதல், வில்லனோடு மோதல், நாயகன் மட்டும் வரும் இடங்கள் எல்லாம் சேர்ந்து 80 நிமிடத்தை எடுத்துக்கொண்டால் மற்ற அத்தனை பேருக்கும் சேர்த்து 34 நிமிடம்தான். அதில் 10 பேரை நிறுத்தினால் ஆளுக்கு மூன்றரை நிமிடம்கூடத் தேறாது; 5 பேர் என்றால் ஏறக்குறைய 7 நிமிடம். எனவே கதை டிஸ்கஷனில் முதலில் செய்ய வேண்டியது ஆட்களைக் குறைப்பது. நாயகனின் நண்பன் ஒருவன், தங்கையை விரும்புகிறவன் ஒருவன், வில்லன் கூடாரத்தில் சம்பளம் வாங்குகிறவன் ஒருவன் என்று மூன்று பேர் இருந்தால் மூவரையும் ஒரே ஆளாக்கிப் பாருங்கள். நேரம் மூன்று மடங்கு கூடுகிறது. அதைவிட முக்கியம், அவனை மூன்று பக்கமும் இழுக்கும் ஒரு சிக்கல் தானாக வந்துவிடுகிறது.

7 நிமிடத்தில் ஒரு மனிதரைக் காட்ட மூன்று காட்சி போதும். முதலாவது, அவர் தன் சொந்த வேலையில் மூழ்கியிருக்கும் ஒரு கணம். நாயகன் வருவதற்கு முன் 40 விநாடி அப்படிக் காட்டினால் போதும். இரண்டாவது, அவருக்கு வேண்டியதும் நாயகனுக்கு வேண்டியதும் முட்டிக்கொள்ளும் இடம். அங்கே அவர் தயங்க வேண்டும். மூன்றாவது, திரும்பப் பெற முடியாத ஒரு முடிவு. அந்த மூன்றாவது காட்சியைக் கிழித்துப் போட்டாலும் கிளைமாக்ஸ் அப்படியே நடக்கும் என்றால், அவர் கதைக்குள் இல்லை, கல்யாண வீட்டு வாசலில் கட்டிய வாழைமரம்போல அழகுக்கு நிற்கிறார். நெப்போலியனை எடுத்துவிட்டால் நள்ளிரவுக்குள் கமிஷனர் அலுவலகம் விழுந்துவிடும்.

‘சார்பட்டா பரம்பரை’ (2021) பாக்கியம் இந்த மூன்று காட்சிக் கணக்குக்குப் பொருத்தமான அம்மா. குத்துச்சண்டையில் தொடங்கி அடிதடியில் முடிந்த கணவனை இழந்தவள். மகன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று நிற்கிறாள், அடிக்கவும் செய்கிறாள். பிற்பாடு சாராயத்தில் கிடக்கும் மகனைப் பார்த்து, மறுபடி வளையத்துக்குள் போ என்று சொல்வதும் அவள்தான். ஆரம்பத்தில் அத்தனை பிடிவாதமாக எதிர்த்திருக்காவிட்டால் பின்னால் அவள் கொடுக்கும் அனுமதிக்கு மதிப்பே வந்திருக்காது. தமிழ்ப் படத்து அம்மாக்களில் பெரும்பாலோருக்கு இந்த முதல் பாதியை யாரும் எழுதுவதில்லை. நேராக ஆசீர்வாதத்துக்குக் கூட்டிவந்துவிடுகிறார்கள்.

அதே படத்து டான்சிங் ரோஸ் வேறு வகை. 3 மணி நேரத்தை ஒட்டிய படத்தில் ஷபீர் கல்லரக்கல் வரும் நேரம் ரொம்பக் கொஞ்சம். முடிவெடுக்கும் காட்சி என்று எதுவும் கிடையாது. ஆனாலும் படம் வெளிவந்த வாரத்தில் எல்லோர் வாயிலும் அந்தப் பெயர்தான். எதிர்ப் பரம்பரையின் குத்துச்சண்டை வீரன் வேம்புலியோடு மோத வேண்டுமானால் முதலில் ரோஸை ஜெயித்துக் காட்டு என்பது நிபந்தனை. அதாவது, நாயகன் கபிலன் ஏற வேண்டிய படிக்கட்டு அவர். அந்தப் படிக்கட்டுக்கு ஓர் உடல்மொழி கொடுத்திருக்கிறார்கள்: குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீதை ஞாபகப்படுத்தும் துள்ளல், கைகளைத் தொங்கவிட்டு முகத்தை முன்னே நீட்டும் துணிச்சல், கயிற்றில் சாய்ந்து நழுவும் லாவகம். இதற்கு வசனமே வேண்டியதில்லை. கபிலன் தோற்றால் நியாயம்தான் என்று நாம் ஒரு நிமிடம் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை வந்தால்தான் அடுத்து அவன் ஜெயிப்பதில் ருசி.

பேச்சு விஷயத்தில் பழைய படங்களிடம் கற்க நிறைய இருக்கிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி, நாகேஷின் வைத்தி, பாலையாவின் தவில்காரர், சி.கே. சரஸ்வதியின் வடிவாம்பாள் என்று நாலு பேர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். காரணம் குரல் மட்டும் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு பிழைப்பு இருக்கிறது. வைத்திக்கு நாட்டியக்காரி மோகனாவைப் பெரிய மனிதர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் லாபம், அதனால் அவன் பேச்சில் எப்போதும் ஒரு குழைவு. ரமாமணிக்கு நாடகமேடைதான் சோறு, அதனால் சாதாரணப் பேச்சிலும் மேடை நெடி. கதையில் வரும் முக்கால்வாசி வம்பு வைத்தியின் தரகு ஆசையிலிருந்தே முளைக்கிறது. நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்தின் மேதமை எந்த அளவு என்று நமக்குத் தெரிய, அவரைச் சுற்றி இத்தனை விதமான காதுகள் தேவைப்பட்டிருக்கின்றன. இன்றைய ஸ்கிரிப்டில் பேசுகிறவர் பெயரை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்துப் பார்த்தால் பத்தில் ஏழு வசனம் யார் வாயில் வைத்தாலும் பொருந்தும். ஊர், வயசு, தொழில் மூன்றையும் முடிவு செய்யாமல் வசனம் எழுத உட்கார்ந்ததன் விளைவு அது.

எழுத்தில் நன்றாக இருந்தது படத்தில் காணாமல் போவதும் சகஜம். அது தொலையும் இடம் பெரும்பாலும் படப்பிடிப்புத் தளமும் எடிட்டிங் மேசையும்தான்.

தளத்தில் நடப்பது இது. குணச்சித்திர நடிகர் ஒரே சமயத்தில் நாலு படத்தில் இருப்பார். 6 நாள் கால்ஷீட் கிடைக்கும். நாயகன் வரும் நாட்களில் காம்பினேஷன் காட்சிகளை முடித்தாக வேண்டும் என்பதால் அவர் தனியாக வரும் காட்சிகள் கடைசி ஷெட்யூலுக்குத் தள்ளிப்போகும். கடைசி ஷெட்யூலில் காசு தீர்ந்திருக்கும். ‘இது இல்லாட்டியும் புரியும்’ என்று அதைத் தூக்கிவிடுவார்கள். மேலே சொன்ன மூன்றில் முதல் காட்சி அத்தோடு போயிற்று. குளோஸப்பிலும் இதே கதை. முதலில் எல்லோரும் தெரியும் மாஸ்டர் ஷாட், பிறகு நாயகன் பக்கம், வெளிச்சம் சாயும் நேரத்தில் எதிரே இருப்பவர் பக்கம். அதற்குள் நாயகன் கேரவனுக்குப் போயிருப்பார். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒப்பிக்கும் வசனத்துக்கு அந்த நடிகர் கண் கலங்க வேண்டும். கலங்குவார், தொழில் தெரிந்தவர். ஆனால் பார்வை ஒரு அங்குலம் விலகியிருக்கும், படத்தில் அது தெரியும். உணர்ச்சி கேட்கிறவர் முகத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்த காட்சிகளில், அவருடைய குளோஸப்பை முதலில் எடுத்துவிட வேண்டும். நாயகனை எதிரே உட்காரவைத்து எடுக்க வேண்டும். ஷெட்யூல் போடும்போதே சொல்லிவிட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

எடிட்டிங்கில் நடப்பது இன்னும் வேதனை. முதல் கட் மூன்றரை மணி நேரம் வந்து நிற்கும். ஒரு மணி நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் கத்தி முதலில் தேடுவது நாயகன் இல்லாத காட்சிகளை. விதை போட்ட காட்சி போய்விடும், அறுவடைக் காட்சி மட்டும் மிஞ்சும். திரையரங்கில் யாரோ ஒருவர் திடீரென்று நாயகனுக்காக உயிரைக் கொடுப்பார். பார்க்கிறவர்கள் இவர் யார் என்று பக்கத்து சீட்டில் கேட்பார்கள். தப்பிக்க ஒரே வழி, வெட்ட முடியாத இடத்தில் விதைப்பது. இசக்கி பூட்டைத் திறப்பது சக்திவேலும் பானுவும் சேர்ந்து வரும் காட்சியில் நடக்கிறது. அதை எந்த எடிட்டராலும் எடுக்க முடியாது. துணைப் பாத்திரத்தின் ஆசை, பயம், பழக்கம் எதுவாக இருந்தாலும் நாயகன் இருக்கும் காட்சியின் ஓரத்தில் ஒரு வரியாகவோ கையில் இருக்கும் ஒரு பொருளாகவோ வந்துவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும்.

நடிகர் தேர்வில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய நட்சத்திரம் ஒருவர் 5 நிமிடம் வந்து போவதையும் துணைப் பாத்திரத்தையும் இப்போது ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். ‘விக்ரம்’ (2022) கடைசியில் ரோலெக்ஸாக சூர்யா வரும்போது எழும் விசில், அவர் இதுவரை நடித்த படங்களிலிருந்து கொண்டுவந்த சேமிப்பு. அதில் தப்பில்லை, அது நல்ல வியாபாரம். அதே படத்தின் ஏஜெண்ட் டீனாவுக்கு அப்படி எந்தச் சேமிப்பும் கிடையாது. நடித்த வசந்தி நடனக் குழுவில் நெடுங்காலம் உழைத்தவர். படம் பார்க்கப் போனவர்களில் அனேகருக்கு அவர் முகம் புதுசு. வீட்டு வேலை செய்யும் பெண்ணாகக் காட்சிகளின் ஓரத்தில் வந்துபோய்க்கொண்டே இருக்கிறார். அடியாட்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் பெண்தான் காவலுக்கு வைத்த ஆள் என்று தெரியவரும்போது அரங்கம் எழுந்து நிற்கிறது.

இந்தக் கைதட்டு சண்டையை எடுத்த நாளில் சம்பாதித்தது என்று நினைத்தால் தப்பு. அந்த வீட்டில் எடுத்த முந்தைய காட்சிகள் ஒவ்வொன்றிலும் வேலைக்காரப் பெண் பிரேமில் இருந்தாக வேண்டும், ஆனால் கண்ணில் படக் கூடாது. புடவை அதேபோல, நடை அதேபோல, போகஸ் அவர் மேல் விழாமல். கன்டினியூட்டி, அதாவது காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி, பார்க்கும் உதவி இயக்குநர் ஒரு நாள் மறந்து அவரை நிறுத்தாமல் விட்டிருந்தால், பிறகு அந்தக் கதவை உடைத்துக்கொண்டு ஆட்கள் வரும்போது வீட்டுக்குள் இருப்பது வெறும் வேலைக்காரப் பெண் என்று நாம் நம்பியிருக்கவே மாட்டோம்.